முதல் நாளுக்குக் கட்டின பிளாட்ஃபார்ம், ஏழாவது வருஷத்து வேலை

ஒரு சாம்பிள் பாயிண்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். கடல்ல நிக்கிற எங்க எண்ணெய் பிளாட்ஃபார்ம்ல, எண்ணெய், தண்ணி, கேஸைப் பிரிக்கிற ப்ரொடக்ஷன் செப்பரேட்டர்ல இருந்து வெளிய வர்ற தண்ணி லைன்ல அரை இன்ச் வால்வு ஒண்ணு. அதைத் திறந்து பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுத்தா தண்ணியோட எவ்வளவு எண்ணெய் சேர்ந்து போகுதுன்னு தெரியும். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அந்த வால்வு என் தலைக்கு மேல முக்கால் முழம் உயரத்துல இருந்துச்சு. எக்கி நின்னு கையைத் தூக்கி திறந்தா, சூடான தண்ணி க்ளவுஸைத் தாண்டி முழங்கை வழியா கவரால் உள்ளயே இறங்கும், சேஃப்டி கண்ணாடி மேல எண்ணெய் சொட்டும். ரெண்டு தடவை சுட்டுக்கிட்டதுக்கு அப்புறம் ஸ்கஃபோல்டிங் போட்டாத்தான் சாம்பிள் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, ஸ்கஃபோல்டிங் போட்டா தப்பிச்சுப் போற வழி பாதி அடைபடுது, அதுக்கு ஒரு ரிஸ்க் அசெஸ்மென்ட், வாரா வாரம் அந்த ஸ்கஃபோல்டுக்கு இன்ஸ்பெக்ஷன், இப்படியே ரெண்டு நிமிஷ வேலை ஒரு குடும்பமே நடத்துற அளவுக்கு வளந்துருச்சு. ஒரு நாளைக்கு நாலு சாம்பிள்.

இதுல கேவலம் என்னன்னா, அந்த பிளாட்ஃபார்ம் கம்ப்யூட்டர்ல 3டி மாடலா இருந்தப்போ ரிவ்யூ ரூம்ல நானும் உக்காந்திருந்தேன். ஆப்பரேஷன்ஸ் பக்கத்துல இருந்து வந்த ஆள் நான் தான். ஒன்பது வருஷம் ப்ரொடக்ஷன் ஆப்பரேட்டரா கடல்ல இருந்துட்டு, புது ஃபீல்டு டெவலப் பண்ற ப்ராஜெக்ட் டீம்ல என்னைப் போட்டாங்க. ஸ்க்ரீன்ல அந்த லைன் சுத்தி சுத்தி வந்துச்சு, நானும் பாத்தேன், தலையாட்டினேன், சைன் பண்ணேன். முதல் வருஷம் வந்ததெல்லாம் கிட்டத்தட்ட சுத்தமான எண்ணெய், தண்ணியே இல்ல, யாரும் அந்த வால்வைத் தொடல. அதனால யாருக்கும் தெரியல.

இந்த ஃபீல்டுல நான் பட்டதுல முக்கால்வாசி இந்த ரகம் தான். எல்லாத்தையும் முதல் எண்ணெய் வர்ற நாளை மனசுல வச்சு கட்டிடுறோம், ஆனா நாம ஓட்டப்போறது ஏழாவது வருஷத்தை, பத்தாவது வருஷத்தை. பூமிக்கு அடியில இருக்கிறது ஏரி மாதிரி தேங்கி நிக்கிற எண்ணெய் இல்லங்க, பாறையோட நுண்துளையில ஊறிக் கிடக்கிறது. எடுக்க எடுக்க அழுத்தம் குறையும், அதைத் தாங்கிப் பிடிக்க கடல் தண்ணியை உள்ள ஏத்துவோம், ஏத்தின தண்ணி ஒருநாள் எண்ணெய் எடுக்கிற கிணறு, அதான் ப்ரொட்யூசர் வெல், அது வழியாவே திரும்பி வரும். இது விபத்து இல்ல, தெரிஞ்ச கதை. ஆனா மீட்டிங்ல எல்லார் கண்ணும் எண்ணெய் கர்வ் மேலயே இருக்கும், மேல ஏறி உச்சி தொட்டு இறங்குற அந்த அழகான கோடு, அது மேல தானே காசு. நீங்க ஆப்பரேஷன்ஸ் ஆளா அந்த ரூமுக்குப் போனா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, தண்ணி கர்வைக் கேளுங்க. எந்த வருஷத்துல எவ்வளவு தண்ணி, அதுவும் நடு எஸ்டிமேட் மட்டும் இல்ல, மோசமான கேஸ்ல எவ்வளவு. அந்த ஒரு தாளைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு டிராயிங்கையும் பாருங்க.

செப்பரேட்டர் ஒண்ணும் மந்திரப் பெட்டி இல்ல. பெரிய படுத்த டேங்க், அதுல கொஞ்ச நிமிஷம் நின்னா கேஸ் மேல போகும், தண்ணி கீழ தங்கும், எண்ணெய் நடுவுல. அந்தக் கொஞ்ச நிமிஷம் தான் எல்லாம். உள்ள வர்ற மொத்த அளவு ரெட்டிப்பானா நிக்கிற நேரம் பாதியாயிடும், எண்ணெயும் தண்ணியும் மோர் மாதிரி கலங்கியே வெளிய போகும், அப்புறம் ரெண்டையும் பிரிக்கிற டீமல்ஸிஃபயர் கெமிக்கலை ஊத்து ஊத்துன்னு ஊத்தணும். வெளிய போற தண்ணியை கடல்ல விட கணக்கு இருக்கு, வட கடல்ல மாச சராசரி லிட்டருக்கு 30 மில்லிகிராம் எண்ணெய்னு வச்சிருக்காங்க. லிமிட் தாண்டினா வெல்லை ஒடுக்கணும். எண்ணெய் இல்லாம ப்ரொடக்ஷன் குறையும்னு தான் வெளிய நினைப்பாங்க, உள்ள நிஜத்துல தண்ணியை சுத்தம் பண்ண முடியாம தான் குறைப்போம்.

ஆனா ஒரு நல்லவரும் இருந்தார் அந்த டிசைன் டீம்ல, யாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. ஹைட்ரோசைக்ளோன்னு ஒரு சாமான், உள்ள விரல் விட்ட மாதிரி லைனர்னு நிறைய சின்னக் குழல் இருக்கும், தண்ணி அதுல சுழண்டு எண்ணெய் தனியா பிரியும். தண்ணி கம்மியா இருந்தா சரியா சுழலாது, அதனால ஆரம்பத்துல பாதி லைனரை வெத்து லைனர் போட்டு அடைச்சிருந்தாங்க, பெட்டியை மட்டும் பெருசா வாங்கி வச்சிருந்தாங்க. தண்ணி கூடினப்போ நாங்க பண்ணது, ஒரு பெட்டியை ஐசொலேட் பண்ணி திறந்து, வெத்து லைனரை உருவிட்டு நிஜ லைனரை சொருகினது. ரெண்டு ஷிஃப்ட்ல முடிஞ்சுது. வெல்டிங் இல்ல, கிரேன் லிஃப்ட் இல்ல. இதே மாதிரி தான் கேஸ் லிஃப்டும். தண்ணி கூடினா குழாய்க்குள்ள இருக்கிற பத்தி கனமாயிடும், வெல் தன்னால பாயாது, கேஸை உள்ள விட்டு லேசாக்கினா தான் எழும். ஆரம்பத்துல வெல்லுக்குள்ள கம்ப்ளீஷன், அதாவது எண்ணெய் ஏறி வர்ற ட்யூபிங் குழாயும் மத்த சாமானும், இறக்கும்போதே வால்வு உக்காற கூடு, மேண்ட்ரெல், வச்சு டம்மி வால்வு போட்டு விட்டிருந்தா, பின்னாடி ஸ்லிக்லைன் கம்பியிலயே டம்மியை எடுத்துட்டு நிஜ வால்வை வச்சிடலாம். விடலையா, ரிக்கைக் கூட்டிட்டு வந்து ட்யூபிங்கையே உருவணும். எங்க ஃபீல்டுல அஞ்சு வெல்லுல மேண்ட்ரெல் இருந்துச்சு, மூணுல செலவு மிச்சம் பண்றோம்னு விட்டுட்டாங்க. அந்த மூணும் பட்ட பாடு தனிக் கதை, ஒண்ணு இன்னும் படுத்தே கிடக்கு.

குழாய்ல படியற ஸ்கேலும் அப்படித்தான். கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 2,700 மில்லிகிராம் சல்ஃபேட் இருக்கும், பாறைக்குள்ள இருக்கிற தண்ணில பேரியம் இருந்தா ரெண்டும் சேர்ற இடத்துல பேரியம் சல்ஃபேட் கல்லு மாதிரி படியும். சாதா கால்சியம் கார்பனேட் படிவுன்னா ஆசிட் விட்டா பொங்கிக் கரைஞ்சிடும், இது கரையாது. வெல்லோட ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற சோக் வால்வுல படியும், ட்யூபிங்ல படியும், அதெல்லாம் கூட ப்ரொடக்ஷன் நஷ்டம்னு விட்டுடலாம், கடல் தரைக்குக் கீழ வெல்லுக்குள்ள இருக்கிற சேஃப்டி வால்வுல படிஞ்சா அது மூட வேண்டிய நேரத்துல மூடாது. அந்த வால்வை மூடி, கீழ இருந்து அழுத்தம் கசிஞ்சு ஏறுதான்னு பாக்கிற டெஸ்டை "இந்த மாசம் டார்கெட் இருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு தள்ளாதீங்க. இன்னொண்ணு, இந்தப் படிவுல ரேடியம் ஒட்டிக்கிட்டு இருக்கும், வெசல் திறக்கறதுக்கு முன்னாடி ரேடியேஷன் மீட்டர் காட்டணும். நான் முதல் தடவை பாத்தப்போ, வெறும் அழுக்கு தானேன்னு மண்வாரியோட உள்ள இறங்கப் போனவங்களை வாசல்ல வச்சு நிறுத்தினாங்க, அதுல நானும் ஒருத்தன்.

வருஷம் போகப் போக எண்ணெய் ஊறிக் கிடக்கிற பாறை, அந்த ரிசர்வாயரே புளிச்சுப் போறதும் உண்டு. கடல் தண்ணியோட உள்ள போன பாக்டீரியா சல்ஃபேட்டைத் தின்னு ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். ஆரம்பத்துல அந்த கேஸே இல்லாத ஃபீல்டுன்னு சொல்லி வாங்கின மெட்டீரியல், வாங்காம விட்ட டிடெக்டர், எல்லாம் அப்ப தான் வந்து உறுத்தும். அழுகின முட்டை வாடை வந்தா தெரிஞ்சுடுமேன்னு சில பேர் சொல்வாங்க, நம்பாதீங்க, காத்துல 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல நூறு பங்கு, தாண்டினா மூக்கு மரத்துடும். வாடை நின்னுடுச்சுன்னா கேஸ் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

மணலைப் பத்தி சுருக்கமா. வெல்லை அவசரமா திறக்காதீங்க, பாறையில இருந்து மணலும் சேந்து வந்துடும். சோக்கை ஒரு பாயிண்ட், ரெண்டு பாயிண்ட்னு ஏத்தி, உக்கார விட்டு, மணல் டிடெக்டர் சத்தம் அடங்கின பிறகு அடுத்தது.

இப்ப ஹைட்ரேட். இது எங்களை ஒன்பது நாள் உக்கார வச்சது. தண்ணியும் கேஸும் அழுத்தத்துல குளிர்ந்தா பனிக்கட்டி மாதிரி ஒண்ணு உருவாகும், ஜீரோ டிகிரிக்கு எல்லாம் போக வேண்டாம், அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா 15, 20 டிகிரியிலயே உறைஞ்சிடும். ஆழமான கடல் தரையில தண்ணி 4 டிகிரி. எங்களுக்கு தூரத்துல கடல் தரையில ரெண்டு வெல் இருந்துச்சு, அங்கிருந்து பிளாட்ஃபார்முக்கு ஃப்ளோலைன். ஓடிக்கிட்டே இருந்தா எண்ணெயோட சூடே காப்பாத்தும். நின்னுச்சுன்னா இன்சுலேஷன் கொஞ்ச நேரம் தாங்கும், எங்க லைனுக்கு அது 8 மணி நேரம். அதுக்குள்ள ஒண்ணு திரும்ப ஓட்டணும், இல்லன்னா உறையாம இருக்க மெத்தனால் தள்ளி, லைன் அழுத்தத்தை இறக்கி பாதுகாப்பா வச்சிடணும்.

ராத்திரி ஒரு மணிக்கு கம்ப்ரெசர் ட்ரிப், தானா நின்னுடுச்சு, அதோட லைன் ஓட்டமும் நின்னுச்சு. வைப்ரேஷன் ப்ரோப் ஒயர் லூஸ், அவ்வளவு தான் காரணம், ஆனா அது தெரியவே மூணு மணி நேரம் ஆச்சு. "இதோ அரை மணியில ஸ்டார்ட் பண்ணிடலாம்"னு ஒருத்தர், சரி வெயிட் பண்ணலாம்னு கரையில இருந்து போன், ஸ்டார்ட் பண்ணா மறுபடி ட்ரிப், இன்னொரு அரை மணி, ஷிஃப்ட் மாறுற நேரம் வந்துருச்சு, புதுசா வந்தவங்களுக்கு மணி எண்ணிக்கை ஏழு மணியில இருந்து ஆரம்பிச்ச மாதிரி ஆயிடுச்சு. யாரும் பொய் சொல்லல, யாரும் தூங்கல, ஆனா 8 மணி நேரம் எங்களைத் தாண்டிப் போயிடுச்சு. பத்து மணிக்கு வெல்லைத் திறந்தா அந்தப் பக்கம் அழுத்தம் ஏறுது, நம்ம பக்கம் ஒண்ணுமே அசையல. கண்ட்ரோல் ரூம்ல ரெண்டு ட்ரெண்ட் கோடும் விரிஞ்சு விரிஞ்சு போறதைப் பாத்துக்கிட்டே நின்னோம், யாரும் பேசல.

அப்ப ஷிஃப்ட்ல ஒரு இளம் இன்ஜினியர், நல்ல பையன், நம்ம பக்கம் கேஸை எரிக்கிற ஃபிளேருக்குத் திறந்து விட்டு அழுத்தத்தை இறக்கினா கரைஞ்சிடுமேன்னார். எங்க கூட ஒரு அண்ணன் இருந்தார், இருபது வருஷத்துக்கு மேல கடல்ல. "தம்பி, அந்தப் பக்கம் நூறு பாருக்கும் மேல அழுத்தம் நிக்குது. நீ இந்தப் பக்கத்தைக் காலி பண்ணா அது கரையாது, கிளம்பும். குழாய்க்குள்ள குண்டு மாதிரி வரும், வந்து முதல் பெண்டுல இடிக்கும்"னார். அது உண்மை, இப்படி ஹைட்ரேட் அடைப்பு, ப்ளக், பாய்ஞ்சு லைன் பிளந்து ஆள் செத்த சம்பவங்கள் இந்தத் தொழில்ல நடந்திருக்கு. ரெண்டு பக்கமும் சமமா, மெதுவா இறக்கணும். ரொம்பவும் இறக்கக் கூடாது, ஏன்னா ஹைட்ரேட் கரையறப்போ சுத்தியிருக்கிற சூட்டை உறிஞ்சும், அளவு தப்பினா நிஜ ஐஸே ஆயிடும். ஒரு கனமீட்டர் ஹைட்ரேட்டுக்குள்ள 160 கனமீட்டருக்கும் மேல கேஸ் அடைஞ்சு கிடக்கும், அது மெல்ல மெல்ல வெளிய வரும், அழுத்தம் திரும்ப ஏறும், திரும்ப இறக்கணும். ஒன்பது நாள் இதே வேலை.

அதுக்கப்புறம் கண்ட்ரோல் ரூம் வொயிட்போர்டுல ஒரு கட்டம் போட்டேன். ட்ரிப் ஆன நேரம், முடிவு எடுக்க வேண்டிய நேரம், ரெண்டே எண்ணு, சிவப்பு மார்க்கர்ல. நாலு மணி நேரத்துல ஓடலன்னா யாரையும் கேக்காம பாதுகாக்குற வேலையை ஆரம்பிக்கலாம்னு கண்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டருக்கு எழுத்துல அதிகாரம் வாங்கிக் குடுத்தோம். போன்ல கரையைக் கேட்டா கரை எப்பவும் இன்னும் அரை மணின்னு தான் சொல்லும், அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அவங்களுக்கு லைன் குளிர்றது தெரியாது.

ஷிஃப்ட் மாத்துறதைப் பத்தி சொல்லாம இருக்க முடியல. 1988 ஜூலை 6, வட கடல்ல இருந்த பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம், 167 பேர் செத்தாங்க. இந்தத் தொழிலுக்கு வர்ற எல்லாருக்கும் முதல் வாரத்துலயே சொல்லிக் குடுக்கிற கதை தான், ஆனா நிதானமா திரும்பப் படிங்க. கேஸ்ல இருந்து பிரியற லேசான எண்ணெயைத் தள்ளுற ஒரு கண்டன்சேட் பம்போட ரிலீஃப் வால்வை சர்வீஸுக்கு கழட்டிட்டு, அந்த இடத்துல ப்ளைண்டு ஃப்ளாஞ்ச்னு ஒரு மூடி வச்சிருந்தாங்க. வேலை முடியல. அந்த விஷயம் ராத்திரி ஷிஃப்டுக்கு சரியா போய்ச் சேரல. ஓடிக்கிட்டிருந்த இன்னொரு பம்ப் ட்ரிப் ஆச்சு, இதை ஸ்டார்ட் பண்ணிட்டாங்க, அந்த மூடி வழியா கசிஞ்சு வெடிச்சுத் தீப்பிடிச்சுது. பக்கத்து பிளாட்ஃபார்ம்கள்ல இருந்து வந்த கேஸ் லைன்கள் வேற தீயை வளத்துச்சு. லார்டு கல்லன் விசாரணை 1990ல 106 பரிந்துரை குடுத்தது, இன்னிக்கு நாம திட்டிக்கிட்டே நிரப்புற வேலை அனுமதி பெர்மிட் தாள்ல பாதி அங்க இருந்து வந்தது.

எங்க இடத்துல ஹேண்டோவர் நோட்டு அழகா இருக்கும், ப்ரொடக்ஷன் எவ்வளவு, எந்த வெல் எந்த சோக், கெமிக்கல் டேங்க் லெவல், மூணு பக்கம். அதுல இல்லாதது தான் நமக்கு வேணும். ஒருநாள் நான் ஷிஃப்ட் எடுத்து ஒன்றரை மணி நேரம் கழிச்சு தான், ஒரு செப்பரேட்டர்ல லெவல் ஏறினா தானா நிறுத்துற ஹை லெவல் ட்ரிப் இன்ஹிபிட்ல, அதாவது வேலை செய்யாம அணைச்சு, இருக்குன்னு தற்செயலா பாத்தேன். பகல்ல டெஸ்டுக்குப் போட்டாங்க, எடுக்க மறந்துட்டாங்க. அன்னிக்கு லெவல் ஏறல, நாங்க பிழைச்சோம். அதுக்கப்புறம் நோட்டோட முதல் பக்கத்துல "இன்னிக்கு வழக்கத்துல இல்லாதது எது"ன்னு ஒரே தலைப்பு வச்சோம். இன்ஹிபிட், ஓவர்ரைடு, பாதியில நிக்கிற ஐசொலேஷன், கழட்டிப் போட்ட வால்வு, கையால ஓட்டுற கண்ட்ரோலர். காலி பக்கமா இருந்தாலும் "எதுவும் இல்ல"ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து ஒரு நடை, பம்ப் பக்கம், வெல்ஹெட் பக்கம், கால் மணி நேரம். காபி கையோட உக்காந்து குடுக்கிற ஹேண்டோவர்ல வராத விஷயம், நடக்கும்போது டேக் தொங்குறதைப் பாத்தா தன்னால வாயில வரும்.

கட்டி முடிச்சதை ஓட்டிப் பாத்து தயார் பண்ற கமிஷனிங் வேலைக்குப் போறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கரையில கட்டுற யார்டுல முடிக்க வேண்டியதை யார்டுலயே முடிங்க. முடியாத வேலையை எழுதி வைக்கிற பஞ்ச் லிஸ்ட்ல மிச்சமிருக்கிறதை கடல்ல பாத்துக்கலாம்னு ப்ராஜெக்ட் ஆளுங்க சொல்லுவாங்க, கடல்ல வேலை செய்ற ஆளுக்குப் படுக்கை வேணும், லைஃப்போட்ல சீட்டு வேணும், ஹெலிகாப்டர் வேணும், அலை அடங்கணும். எங்க பிளாட்ஃபார்ம் கிளம்பும்போது சின்னச் சின்னதா மிச்சமிருந்ததை முடிக்க ஒண்ணரை வருஷம் ஆச்சு. முதல் எண்ணெய் வந்த நாள் எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க, அன்னிக்கு ராத்திரி நாங்க குழாய் வடிகட்டி, ஸ்ட்ரெய்னர், கழட்டிக்கிட்டு இருந்தோம். உள்ள வெல்டிங் ராடு துண்டு, கேஸ்கெட் பிசிறு, அப்புறம் முழுசா ஒரு லெதர் க்ளவுஸ்.

சாம்பிள் பாயிண்டுக்கு வருவோம். மாத்தச் சொல்லி மாடிஃபிகேஷன் ரெக்வெஸ்ட் போட்டேன். அரை இன்ச் குழாயைக் கீழ கொண்டு வர்றதுக்கு டிராயிங் திருத்தம், ஸ்ட்ரெஸ் கணக்கு, மெட்டீரியல் சர்டிஃபிகேட், எல்லாம் நியாயம் தான், ப்ரெஷர் லைன்ல கை வைக்கிறோம். ஆனா லைவ் ப்ளாண்ட்ல வெல்டிங் கூடாதுன்னு ஷட்டவுனுக்கு ஒத்திப்போட்டாங்க, ஷட்டவுன்ல நாள் பத்தலன்னு அடுத்த ஷட்டவுனுக்கு ஒத்திப்போட்டாங்க. மாடல் ரூம்ல நான் வாயைத் திறந்திருந்தா மவுஸால ஒரு இழுப்பு. மூணு வருஷம் கழிச்சு ரெண்டு பேர் வந்து ஒரு மத்தியானத்துல மாத்திக் குடுத்துட்டுப் போனாங்க. இப்ப நெஞ்சு உயரத்துல இருக்கு, நின்ன இடத்துல பாட்டில் பிடிக்கலாம்.

சொட்டுறதைப் பிடிக்க கீழ ஒரு டிரிப் ட்ரே கேட்டேன். அடுத்த ஷட்டவுன்ல பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.